பத்தால் வகுத்த மனு

பெட்டிஷன் அண்ணாச்சி பேனாவால் சாகடித்த ஆட்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டினால் எங்க ஊர் ஆடித்தபசுக் கூட்டம் தோற்றுப்போகும். மாமனார், மாமியார், சித்தப்பா, உழவு மாடு, சினைப்பசு, ஒரு தடவை ஒரு முழுக் கல்யாணக் கோஷ்டி. அத்தனை பேரையும் கொன்னுட்டு, மத்தியானம் பூவரச மரத்தடியில் துண்டை விரிச்சு நிம்மதியா உறங்குவார்.

அவருக்குப் பேர் ஒண்ணு இருந்தது. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த மனுசன் எந்த மனுவிலும் தன் பேரைப் போட்டதில்லை, நான் எதுக்குப் போடணும்? நான் வேலை பார்த்த ஆபீஸ் பேரையும் கேட்காதீங்க. சங்கரன்கோவிலில் ஒரு சர்க்கார் ஆபீஸ், ஓட்டுக் கட்டிடம், மழை பெய்தால் ஃபைலுக்குக் குடை பிடிப்போம். அது போதும். பென்ஷன் இன்னும் வந்துக்கிட்டிருக்கு, அதைக் கெடுத்துக்க எனக்கு ஆசையில்லை.

எங்க ஆபீஸ் வாசலுக்கு நேரெதிரேதான் அந்தப் பூவரச மரம். அடியில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிமேல் பலகை, பலகைமேல் மைக்கூடு. ஒரு காதில் கட்டைப்பேனா, இன்னொரு காதில் பாதி குடிச்ச பீடி. எழுதும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்வார். நாக்கு எவ்வளவு தூரம் வெளியே வருதோ அவ்வளவு பேர் மனுவில் சாகப்போறாங்கன்னு அர்த்தம். நாங்க ஜன்னல் வழியாப் பார்த்துப் பந்தயம் கட்டுவோம்.

எழுதி முடிச்சதும் மனு கொடுக்க வந்தவருக்கு ராகம் போட்டு வாசிச்சுக் காட்டுவார். அதைக் கேட்டு, வந்தவரே அழுதிருவார். நாம இம்புட்டுக் கஷ்டமா பட்டோம்னு அப்பத்தான் அவருக்குத் தெரியும். ராயகிரியில் இருந்து ஒருத்தர் கிணறு வெட்டக் கடன் கேட்டு வந்தார். "என் நான்கு குழந்தைகளும் ஒரே துணியை மாற்றி மாற்றி உடுத்தி" என்று அண்ணாச்சி வாசிச்சதும் அந்த ஆள் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இழுத்தார்.

"அண்ணாச்சி, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

"ஆயிரும்வே. மெட்ராஸ்ல இருந்து பதில் வாரதுக்குள்ள நாலும் பிறந்திரும்."

அதுதான் அவர் குணம். உள்ளதை உள்ளபடி எழுத அவர் கை ஒத்துக்கிடாது. நான் ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏன் அண்ணாச்சி இப்படிப் புளுகுதீங்கன்னு. கோபமே படவில்லை.

"மெட்ராஸ்ல உக்காந்திருக்கவன் காப்பி குடிச்சுக்கிட்டே படிக்கான்வே. அவன் தம்ளரைக் கீழ வைக்கணும்லா?"

எங்க பியூனுக்கு ரெண்டு நாள் லீவு வேண்டியிருந்தது, திருச்செந்தூர் போக. அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். மாமனாருக்கு வாந்திபேதி, மூணு நாள் இழுபறி, கடைசி மூச்சில் மருமகன் பேரைச் சொல்லி அழைப்பு, முடிஞ்சது. எங்க ஆபீசர் இளகின மனசுக்காரர், அதைப் படிச்சுட்டு மத்தியானச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் சிவகிரி பஸ்ஸில் இருந்து ஒரு பெரியவர் நார்ப்பெட்டி நிறையக் கருப்பட்டியோட இறங்கி நேரே ஆபீசருக்கு முன்னால் போய் நின்னார். "எங்க மருமகப்பிள்ளை இங்கனதான வேலை பாக்காரு?"

பியூனுக்கு மெமோ வந்தது. அவன் மரத்தடியில் போய்க் கத்தினான். அண்ணாச்சி பீடியைப் பத்தவச்சுக்கிட்டு அமைதியாச் சொன்னார்: "உயிரோட இருக்க மாமனாருக்கு எவம்லே லீவு தருவான்? நீ அந்த மனுசனை ஒரு மாசம் வீட்டுக்குள்ள வச்சிருக்கணும். தப்பு உன் பேர்ல."

கரிவலம்வந்தநல்லூர் ஓடை விஷயம் இன்னும் மோசம். வெள்ளத்தில் எட்டு ஆடு அடிச்சுக்கிட்டுப் போச்சு, பாலம் வேணும்னு ஊர்க்காரங்க வந்தாங்க. அண்ணாச்சிக்கு ஆடு பிடிக்கவில்லை. நாற்பது பேர் கொண்ட கல்யாணக் கோஷ்டி மேளதாளத்தோட அடித்துச் செல்லப்பட்டது, நாயனம் மட்டும் மீட்கப்பட்டது என்று எழுதிட்டார். போலீஸ் வந்து பொணத்தைக் கேட்டது. ஊரே ஒரு வாரம் பதில் சொல்ல முடியாமல் முழிச்சது. ஆனா பாருங்க, பாலம் வந்துட்டு. இன்னைக்கும் அதுமேலதான் பஸ் போகுது.

இப்படிப்பட்ட ஆளை வச்சுக்கிட்டு ஒரு ஆபீஸ் எப்படி நடக்கும்? அதுக்கு எங்க ஹெட்கிளார்க் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தார். நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே காதோட சொன்னார்: "எதிர்த்தாப்ல இருக்காம்பாரு, அவன் கையெழுத்தைக் கண்டா எந்த நம்பரையும் பத்தால வகுத்துருலே. வகுத்ததை மட்டும் மேல அனுப்பு." சிவப்புப் பென்சில் அதுக்குன்னே மேஜையில் கிடக்கும். நாப்பது பேரை நாங்க நாலுன்னுதான் அனுப்பினோம், அதுக்கே போலீஸ் வந்துட்டு.

இந்த நேரத்தில்தான் நூல் பஞ்சம் வந்தது. சுதந்திரம் வந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். எங்க ஊரில் பாதிப்பேர் பிழைப்பு தறியில். நூலும் வரவில்லை, நெய்த துண்டும் விக்கவில்லை. தெருத்தெருவாத் தறிச்சத்தம் நின்னுபோச்சு. சர்க்கார் ஒரு கஞ்சித் தொட்டி திறந்தது. தானியம் சர்க்கார் தரும், ஊர் வியாபாரிகள் கமிட்டி போட்டு நடத்தணும். மத்தியானம் ஆளுக்கு ஒரு பெரிய கரண்டி சோளக்கஞ்சியும் ஒரு உருண்டை துவையலும். காய்ச்சி ஊத்த மூணு பொம்பளைங்க, விறகு பிளக்க ஒரு ஆள். நாலு பேருமே தறி நின்னதால் நடுத்தெருவுக்கு வந்தவங்க, இந்த வேலைதான் அவங்க வீட்டு அடுப்பு.

கிழடுகள், தாலியறுத்தவங்க, பச்சைப்பிள்ளைக்காரிகள் என்று நூத்திருபது பேர் தினம் வருவாங்க. சொந்தத் தறி வச்சிருந்த ஆம்பளைங்க அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டாங்க. கஞ்சித் தொட்டிக்குப் போனான்னு பேர் வந்துட்டா நாளைக்கு எந்த முகத்தோட மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது?

மாசி மாசம் பேப்பரில் பட்ஜெட் பேச்சு அடிபட ஆரம்பிச்சது. காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாச்சிதான் ஊருக்கு விளக்கம் சொன்னார்.

"டில்லிக்காரன் மெட்ராஸ்காரனைப் பாத்து கையை விரிக்கான். மெட்ராஸ்காரன் ஜில்லாவைப் பாத்து விரிக்கான். பெரிய மனுசங்க ஒருத்தருக்கொருத்தர் கையை விரிச்சு விளையாடுதாங்க. கடைசியில குறையப்போறது எது? வேலம்மா கரண்டி."

வேலம்மாதான் தொட்டியில் கஞ்சி ஊத்துறவ. அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆச்சு. சொற்ப ஆட்கள் வரும் தொட்டிகளை மூடிச் செலவைக் குறைக்கலாம், எந்தத் தொட்டியில் எத்தனை பேர் என்று உடனே எழுது என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. பட்ஜெட் முடிவாகிறதுக்குள்ள பதில் போகணும்.

சேதி கேட்டு வேலம்மாவும் மத்த ரெண்டு பேரும் மரத்தடிக்கு ஓடினாங்க. "அண்ணாச்சி, நல்லாக் கொட்டி எழுதுங்க. இருபது பேரைக் கொன்னாலும் சரி, முப்பது பேரைக் கொன்னாலும் சரி."

அன்னைக்கு அண்ணாச்சி நாக்கு வெளியே வரவில்லை. ஜன்னலில் இருந்து நானே பார்த்தேன். நாலே வரி எழுதினார். தினமும் நூற்றிருபது பேர் வருகிறார்கள். தொட்டியை மூடினால் நூற்றிருபது பேருக்கும் மத்தியானம் சாப்பாடு இல்லை. நான்கு பேருக்கு வேலை இல்லை. மூடாதீர்கள்.

வாசிச்சதைக் கேட்டு வேலம்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "என்ன அண்ணாச்சி இது, ஒருத்தர்கூடச் சாகலையே!"

"இதுல கூட்டி எழுத எனக்கு ஒண்ணும் தோணலட்டி," என்றார்.

அந்த மனு என் மேஜைக்கு வந்தது. தொட்டியின் ரிஜிஸ்தர் கமிட்டிக்காரங்க கையில். நடந்து போய்ப் பார்த்தால் கால்மணி நேரம். நல்ல வெயில், எனக்குச் சோம்பல். அண்ணாச்சியின் கையெழுத்தைப் பார்த்தேன், சிவப்புப் பென்சிலை எடுத்தேன், பத்தால் வகுத்தேன். பன்னிரண்டு பேர் என்று எழுதித் தபாலில் சேர்த்துட்டு வெத்தலை போடப் போயிட்டேன். மடையன்.

மூணு வாரத்தில் உத்தரவு வந்தது. பன்னிரண்டு பேருக்காக ஒரு தொட்டி வேண்டியதில்லை. பங்குனியோட மூடிவிடவும். வேலையாட்கள் நாலு பேரையும் நிறுத்திவிடவும்.

அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்தார். அதுவரைக்கும் அவர் எங்க ஜன்னலுக்கு வந்ததே கிடையாது.

"எத்தனை பேருன்னுவே எழுதினீரு?"

"பன்னெண்டு."

"நான் நூத்திருபதுன்னுலா எழுதினேன்? ரிஜிஸ்தர் இருக்கே, பாத்துக்கிடுவீருன்னுதான ஏத்தாம எழுதினேன்?"

"உங்க மனுவை எப்பவும் பத்தால வகுக்கதுதான் அண்ணாச்சி வழக்கம்."

அடிக்க வருவார், குறைஞ்சபட்சம் அசிங்கமா ரெண்டு வார்த்தை விழும்னு எதிர்பார்த்து நான் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள ஏதோ கணக்குப் போட்டார்.

"பத்தா? அஞ்சால வகுப்பீங்கன்னுல்லா நான் நினைச்சேன்! இத்தனை வருஷமா அஞ்சு மடங்குதான்வே ஏத்திக்கிட்டிருந்தேன். பாவிகளா, ஊர்க்காரன் கஷ்டத்துல பாதிதான மெட்ராஸுக்குப் போயிருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாப் போச்சு. கையில் இருந்த பென்சிலை எங்கே வைக்கிறதுன்னு தெரியாமல் சட்டைப் பைக்குள் சொருகினேன்.

"திருத்தி எழுதும்வே."

"ஆபீஸ் எழுதின நம்பரை ஆபீஸே திருத்தாது அண்ணாச்சி. புதுசா மனு வந்தா அனுப்பலாம்."

"சரி," என்று போனார். மறுநாள் அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. ஜன்னல் பக்கம் வந்து ரகசியமாச் சொன்னார்: "ஆயிரத்திருநூறுன்னு எழுதிட்டேன்வே. வகுத்தா நூத்திருபது சரியா வந்திரும்லா?"

"நல்லது. கொடுங்க."

"உம்மகிட்ட எதுக்கு? நீரு பாட்டுக்கு உறங்கிருவீரு. நேரா மெட்ராஸுக்கே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பியாச்சு."

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல யாரு வகுப்பா?"

காதில் இருந்த பீடி நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிஞ்சு எடுக்கவில்லை.

பத்து நாளில் தந்தி வந்தது. ஆயிரத்திருநூறு பேர் பட்டினி என்பதை நேரில் பார்க்க ஸ்பெஷல் ஆபீசர் நாளை மத்தியானம் வருகிறார். போகிற வழியில் பார்த்துட்டு அப்படியே அடுத்த ஊர் போவார். நம்பர் பொய்னு தெரிஞ்சால் தொட்டி அன்னைக்கே மூடல்தான், நாலு பேர் வேலையும் அன்னைக்கே போச்சு.

பெட்டிஷன் அண்ணாச்சி அன்னைக்குச் சாயங்காலம் குடையை எடுத்துக்கிட்டு ஊரைச் சுத்தினார். கடை கடையா, தெருத் தெருவா. "நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆளுக்கொரு பாத்திரத்தோட வாங்க. பசிக்க மாதிரி நடிச்சாப் போதும். வாங்குத கஞ்சியைக் குடிக்காதீங்க. பின்னால சந்துல ஒரு அண்டா வச்சிருப்போம், அதுல திரும்ப ஊத்திருங்க. அதே கஞ்சி சுத்திச் சுத்தி வரும்." நான் கூடவே போனேன். எனக்கு வேற வழி? பண்ணின பாவத்துக்கு நடையாவது நடக்கணும்.

எங்க அக்கா வீட்டுக்கும் போனோம். அத்தானுக்குச் சொந்தத்தில் நாலு தறி. இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசலுக்கு வர மாட்டார். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "நாடகம்னா நான் இல்லாமலா? வாரேன், வாரேன். எனக்கு ராஜபார்ட் கொடுங்க."

மறுநாள் கல்யாண வீட்டு அண்டா ரெண்டை வாங்கி வச்சுக் கஞ்சி காய்ச்சினாங்க. மணி பன்னிரண்டுக்குள் வரிசை தெரு முக்கைத் தாண்டிப்போச்சு. எழுநூத்துச் சொச்சம் பேர் இருக்கும். எண்ணச் சொல்லி என்னை முன்னால் நிறுத்தினாங்க, ஆளுக்கொரு கோடு போட்டுக்கிட்டே நின்னேன். ஸ்பெஷல் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசையில் முதல் ஆளா எங்க ஊர் மிட்டாய்க் கடைக்காரர், தொப்பையை உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார் ஆபீசர்.

"காலையில இருந்து ஒண்ணுமில்லய்யா," என்றார் மிட்டாய்க் கடைக்காரர். அவர் புளுகுக்கு அவ்வளவுதான் நீளம். அண்ணாச்சி தலையில் அடிச்சுக்கிட்டார்.

கொஞ்ச நேரத்தில் விறகு பிளக்கிற ஆள் பின்சந்தில் இருந்து ஓடிவந்தான். அவனைத்தான் திரும்பி வரும் கஞ்சியை வாங்கி ஊத்திக்கிடச் சொல்லி அங்கே நிறுத்தியிருந்தது.

"அண்ணாச்சி, அண்டா காலியா இருக்கு."

"என்னலே சொல்லுத?"

"மிட்டாய்க் கடைக்காரரும் இன்னும் ஒரு பத்து இருபது பேரும் ஊத்தினாங்க. மத்தவங்க யாரும் ஊத்தல. சந்துல திரும்பி நின்னு குடிச்சுட்டுப் போயிருதாங்க."

அண்ணாச்சி வரிசையைப் பார்த்தார். நானும் அப்பத்தான் ஒழுங்காப் பார்த்தேன். தறிக்காரங்க. வெள்ளை வேட்டி, முகம் சவரம் பண்ணியிருக்கு, கையில் வீட்டில் இருக்கிறதிலேயே நல்ல பாத்திரம். ஒருத்தரையும் தொட்டிப் பக்கம் முன்னே பின்னே பார்த்ததில்லை. நடிக்கத்தான வந்தோம்னு ஒருத்தருக்கொருத்தர் சிரிச்சுக்கிடுதாங்க. கஞ்சி விழும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

வாழ்நாள் பூரா இல்லாத பட்டினியை எழுதின மனுசன், இருக்கிற பட்டினியை அன்னைக்குத்தான் நேரில் பார்த்தார். பிறகு திடீர்னு கமிட்டி வியாபாரிகள் பக்கம் திரும்பிப் பாஞ்சார். "என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு? கடையைத் திறந்து மூட்டையை எடும். அண்டாவை ஏத்தும்."

ஒண்ணரை மணிக்கு ஆபீசர் கிளம்பினார். என் கையில் இருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார், தெருமுக்கு வரைக்கும் நிற்கிற வரிசையை இன்னொரு தடவை பார்த்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கிட்டு ராஜபாளையம் ரோட்டில் மறைஞ்சது. மனுவில் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டுள்ளது, இருந்தாலும் தொட்டியை மூட இயலாது என்று அவர் எழுதினதைப் பிற்பாடு ஃபைலில் பார்த்தேன். தொட்டி நிலைச்சது. வேலம்மாவும் மத்த மூணு பேரும் வேலையில் நிலைச்சாங்க. பட்ஜெட்டில் எங்க ஊருக்குக் கிடைச்ச பங்கு அதுதான்.

ஆனா நான் சொல்ல வந்தது அதை இல்லை.

ஜீப் போய் அரைமணி நேரம் இருக்கும். வரிசை கரையவில்லை. இனி எதுக்கு நடிக்கணும்னு யாரும் கேட்கவுமில்லை. நான் கோடு போட்டுக்கிட்டே இருந்தேன். தலை நிமிர்ந்தால் எதிரே எங்க அத்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் அக்கா கல்யாணத்துக்கு நாங்க சீராக் கொடுத்த பித்தளைத் தூக்குவாளி. முதல் ரவுண்டில் அவர் வந்து வாங்கிக்கிட்டுப் போனதுக்கு நான் ஏற்கெனவே ஒரு கோடு போட்டாச்சு. இது ரெண்டாவது தடவை. தூக்குக்குள் கழுவின ஈரம் இருந்தது. அப்போ முதல் தடவை வாங்கினது வீட்டுக்குப் போயிருக்கு. அக்காவும் பிள்ளைகளும் குடிச்சிருக்காங்க. போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்து நான் காப்பி குடிச்சுட்டு, சீனி குறைவா இருக்குன்னு அக்காவைக் குறைசொல்லிட்டு வந்திருந்தேன்.

அத்தான் என்னைப் பார்த்துட்டார். தூக்கைப் பின்னால் மறைச்சுக்கிட்டு வரிசையை விட்டு ஒரு எட்டு விலகினார்.

பெட்டிஷன் அண்ணாச்சி எங்கே இருந்துதான் வந்தாரோ. அத்தான் தோளைப் பிடிச்சு வரிசைக்குள்ளே தள்ளினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"எங்கவே போறீரு? ஆபீசர் இன்னும் பாத்துக்கிட்டுல்லா இருக்காரு! நீரு ஒருத்தர்தான் உள்ளபடியே நல்லா நடிக்கீரு, பாதியில விட்டுராதீரும். ஏட்டி வேலம்மா, இவருக்கு ரெண்டு கரண்டியா ஊத்து. அப்பத்தான் ஆபீசர் நம்புவாரு."

ஆளில்லாத ரோட்டை அத்தான் ஒருதடவை பார்த்தார். அப்புறம் தூக்கை நீட்டினார். வேலம்மா அண்டாவுக்கு அடியில் கரண்டியை விட்டுக் கெட்டியா எடுத்து ஊத்தினாள். நான் குனிஞ்சு நோட்டில் இன்னொரு கோடு போட்டேன்.